இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள்

செப்டம்பர் கடைசியில் ஓரெஷ்னா என்கிற மலையூரில் யாரும் சாகக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. உருளைக்கிழங்கு தோண்டுகிற காலம் அது. குழி வெட்டவும் ஆள் கிடைக்காது, கூடி அழவும் ஆள் கிடைக்காது. ரொடோப்பி மலையில் அக்டோபரை நம்ப முடியாது. மூன்று நாள் வெயில் காய்ந்துவிட்டு நாலாம் நாள் விடியும்போது வயல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். அதற்குள் கிழங்கு நிலவறைக்குப் போய்விட வேண்டும்.

அந்த வருஷம் கெரானாவும் அவள் புருஷன் வெலினும் கீழ்வயலை முடித்துவிட்டு மேல்வயலுக்கு ஏறியிருந்தார்கள். வெலின் குதிரைக்கலப்பை ஓட்டுவார். புரண்டு வரும் மண்ணில் கிழங்குகள் முட்டைகளைப் போல வெளியே வந்து விழும். கெரானா பின்னாலேயே குனிந்தபடி பொறுக்கிக் கோணியில் போடுவாள். கோணி நிறைந்ததும் வெலின் கலப்பையை விட்டு வந்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வண்டிக்குப் போவார். அறுபத்தாறு வயதில் அந்த ஊரில் அப்படித் தூக்குகிறவர் வேறு யாரும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தூக்கும்போது வாயில் சிகரெட் இருக்கும். கீழே இறக்கும்வரை சாம்பல் உதிராது.

மதியம் வரப்பில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தபோது கெரானா சொன்னாள்.

"நாளைக்கு அரை நாள் வேலை இல்ல."

"யாருக்கு?"

"நமக்குத்தான். வாசகசாலைக்கு புளோவ்திவ் டவுன்ல இருந்து ஒரு டாக்டரம்மா வர்றாங்களாம். கழுத்துல வச்சுப் பாக்கற மிஷின். ஊசி கிடையாது, வலி கிடையாது. பெனா சொன்னா."

பெனா கடை வைத்திருப்பவள். ஊரில் எந்தச் சேதியும் அவள் கடையில் இறங்கித்தான் வீடுகளுக்குப் போகும்.

"உன் கழுத்துக்கு என்ன கேடு? என்னத் திட்டும்போது நரம்பெல்லாம் நல்லாத்தானே புடைக்குது."

"அதத்தான் பாக்கணும். எங்க அம்மாவுக்கும் நல்லாத்தான் புடைச்சுது."

கெரானாவின் அம்மா வாதம் வந்து நாலு வருஷம் இவர்கள் வீட்டில்தான் கிடந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. 'திங்கட்கிழமை.' தண்ணீர் வேண்டுமென்றாலும் திங்கட்கிழமை, வலித்தாலும் திங்கட்கிழமை. சாகிற அன்று மகளின் கன்னத்தைத் தடவி ரொம்பப் பிரியமாகச் சொன்னதும் அதேதான். கெரானா அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் தன் பெயரையும் புருஷன் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு உண்டு.

"சரி, கூட்டிட்டுப் போறேன்" என்றார் வெலின். "ஆனா நான் வாசல்லதான் நிப்பேன். என்ன எவளும் தொடக்கூடாது."

மறுநாள் காலை, ஊர்க்கூட்டமும் நாடகமும் நடக்கிற வாசகசாலைக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. ஓட்டி வந்தவனுக்கு முதுகில் பிடிப்பு. படுக்கையை இறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். வெலின் அந்த மடக்குக் கட்டிலை ஒற்றை ஆளாகத் தூக்கிப் படியேறிக் கொண்டுபோய் மேடையில் வைத்தார். நாட்டியக் குழுவின் கம்பளி உடைகள் தொங்கும் அலமாரிக்குப் பக்கத்தில் மிஷினை நிறுத்தினார்கள். மேடைத் திரையை இழுத்துவிட்டதும் அதுவே மறைப்பானது. முன்னால் நாற்காலிகளில் ஊரின் பாதி உட்கார்ந்திருந்தது. நாடகம் பார்க்க வந்தவர்கள் போலப் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் இவைலாவுக்கு நாற்பது வயது இருக்கும். தரை சில்லிட்டிருந்ததால் யாரோ கொடுத்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். கெரானாவைப் படுக்கவைத்து, தலையைத் திருப்பி, கழுத்தில் குளிர்ந்த கூழைத் தடவினாள். கருவியை வைத்து அழுத்தினாள்.

மிஷினின் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. பிறகு சத்தம் வந்தது.

கெரானாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஓடைக்கரையில் கம்பளி அலசுகிற பெரிய மரத்தொட்டி உண்டு. மேலிருந்து நீர் விழுந்து சுழன்று சுழன்று கம்பளியை உருட்டும். அதே சத்தம். ஆனால் இந்த நீர் விட்டுவிட்டுப் பாய்ந்தது, யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவது போல.

"இது என்ன?" என்றாள் குரல் எழும்பாமல்.

"உங்க ரத்தம்தான். மூளைக்குப் போய்க்கிட்டு இருக்கு."

"இப்பவா?"

"இப்பத்தான். நீங்க பேசும்போதே போகுது."

"ராத்திரி தூங்கும்போது?"

"அப்பவும்தான். நீங்க பொறந்த அன்னையில இருந்து ஒரு நிமிஷம் நிக்கல."

கெரானா வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அறுபத்து மூன்று வருஷமாக இது தனக்குள் ஓடியிருக்கிறது. மாடு கறந்தபோதும், பிள்ளை பெற்றபோதும், அம்மா வாயில் கஞ்சி ஊட்டியபோதும் ஓடியிருக்கிறது. ஒரு தடவைகூட அவள் அதைக் கேட்டதில்லை. மாதாகோவில் மணியடிக்கும்போது வருவது போல அவளுக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றியது. கையில் கூழ் ஒட்டியிருந்ததால் விட்டுவிட்டாள்.

ரத்த நாளத்தின் சுவரில் ஒரு சிறு மேடு இருந்தது. தேநீர்க் கெண்டியின் அடியில் சுண்ணாம்பு படியுமே, அப்படித்தான் என்றாள் டாக்டர். வழி அடைபடவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை ஒன்று எழுதித் தருகிறேன், வருஷம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கெரானா எழுந்து மேடைத் திரையை விலக்கி வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து வெலின் பயந்துவிட்டார்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீயும் போய்ப் படு."

"நான் எதுக்கு?"

"எனக்குள்ள இருக்கறத நான் கேட்டுட்டேன். உனக்குள்ள இருக்கறத நீயும் கேளு."

"எனக்குள்ள பிளம் சாராயம்தான் இருக்கும். அதுல என்ன சத்தம்!"

பெனா பின்னாலிருந்து கத்தினாள். "வெலின் அண்ணே, பயந்தா சொல்லிடு. எங்க வீட்டுக் கோழிகூட இந்நேரம் படுத்துட்டு வந்திருக்கும்."

நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. வெலின் தொப்பியைக் கெரானாவிடம் கொடுத்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர் போல மேடை ஏறினார்.

கழுத்து இரண்டு பக்கமும் பழுதில்லை. "அறுபத்தாறு வயசுக்கு இது நல்ல கழுத்து" என்றாள் டாக்டர். "சட்டையை மேல தூக்குங்க. வயித்தையும் பாத்துடலாம்."

கருவி நெஞ்சுக்குழிக்குக் கீழே வழுக்கி இறங்கி, தொப்புளுக்குச் சற்று மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது. டாக்டர் மிஷின் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வயித்துல வலி இருக்கா?"

"பசி இருக்கு."

"முதுகுல?"

"கிழங்கு தோண்டறவனுக்கு முதுகு வலிக்கலன்னாத்தான் டாக்டர்கிட்ட வரணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. மேடை ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெனாவை இறங்கிப் போகச் சொன்னாள். கெரானாவை மட்டும் உள்ளே வரச் சொன்னாள். பிறகு திரையை இருவருக்கும் தெரியும்படி திருப்பினாள்.

"இது இதயத்துல இருந்து காலுக்கு இறங்கற பெரிய ரத்தக்குழாய். நம்ம உடம்புலயே பெரிசு இதுதான். இங்க வரைக்கும் சரியா இருக்கு. கட்டைவிரல் தடிமன். இப்ப இங்க பாருங்க."

கறுப்பாக ஓடிவந்த வாய்க்கால் ஓரிடத்தில் அகன்று உருண்டு கிடந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த உருண்டை விம்மி அடங்கியது. அதன் கரை எவ்வளவு மெல்லியது என்பது கெரானாவுக்கே தெரிந்தது. காய்ச்சிய பால்மேல் படியும் ஆடை அந்தத் தடிமன் இருக்கும்.

வெலின் கழுத்தைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிழங்கு மாதிரில்ல இருக்கு" என்றார். "விதைக்கிழங்கு அளவா, விக்கிற அளவா?"

"விக்கிற அளவு" என்றாள் டாக்டர். "பல வருஷமா வளந்திருக்கு. இது வலிக்காது, சத்தம் போடாது. வளந்துகிட்டே இருக்கும். ஒருநாள் கிழியும். கிழிஞ்சா இந்த மலையில இருந்து கீழ இறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

கெரானா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை அவர் இதே கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நேற்று மேல்வயலில் எத்தனை மூட்டை! ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாலாடை நெளிந்திருக்கும். நாற்பது வருஷம் ஒரே கம்பளிக்குள் படுத்திருக்கிறாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் இதுவும் படுத்திருந்திருக்கிறது.

"உங்க வீட்டுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

அந்த ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. வெலினின் குடும்பமான பெய்கோவ் வீட்டு ஆண்கள் படுக்கையில் சாகமாட்டார்கள் என்பார்கள். வெலினின் தாத்தா புல் அறுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவில்லை. யாரோ எப்போதோ அந்தக் குடும்பத்தைச் சபித்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அப்பா யோர்தான் செத்தது பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே போன்ற செப்டம்பரில். அன்று மூட்டை ஏற்ற வருகிறேன் என்று சொல்லியிருந்த மூத்த மகன் ராத்கோ, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்க் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிட்டார். அப்பா காத்துப் பார்த்துவிட்டுத் தானே தூக்கத் தொடங்கினார். உழவுச் சால்களுக்கு நடுவே இடுப்பைப் பிடித்தபடி கிடந்தவரைப் பார்த்தது வெலின்தான்.

குழியில் மண் போடும்போது எல்லார் முன்னாலும் வெலின் சொன்னார், "நீ வந்திருந்தா இவரு இருந்திருப்பாரு." அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசியதில்லை. பாலத்தில் எதிர்ப்பட்டால் இருவரும் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார்கள்.

தாத்தாவும் அப்பாவும் செத்த விதத்தைக் கெரானாதான் டாக்டரிடம் சுருக்கமாகச் சொன்னாள். வெலின் சட்டையை இறக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு எங்கப்பா மூட்டை தூக்காம இருந்திருந்தா?"

"அவருக்கு இதுதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. யாரும் உள்ள பாக்கல. ஆனா நீங்க சொல்ற சாவு இதோட சாவு மாதிரிதான் இருக்கு. இது குடும்பத்துல ஓடும். அவருக்கு இருந்திருந்தா, அன்னிக்கு இல்லன்னா அடுத்த மாசம் வெடிச்சிருக்கும். குனிஞ்சு செருப்பு மாட்டும்போதுகூட வெடிக்கும்."

வெலின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"இல்ல" என்றார் வெலின்.

"இருக்காரு" என்றாள் கெரானா. "மூத்தவரு. மேலத்தெருவுல."

"அவரையும் பாக்கணும். நான் இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும். அதுக்கு முன்னால கூட்டிட்டு வாங்க." டாக்டர் போனை எடுத்து புளோவ்திவுக்குப் பேசினாள். வியாழக்கிழமை அங்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றாள். அதுவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது, சிகரெட்டைத் தொடக்கூடாது.

"மேல்வயல் முழுசும் கிடக்கு. எடுத்துட்டு வர்றேன்" என்றார் வெலின்.

"நீ ஒரு மூட்டையைத் தொட்டுப் பாரு" என்றாள் கெரானா. "அதே மூட்டைமேல உன்னை உக்கார வச்சுக் கட்டி, குதிரையில ஏத்தி புளோவ்திவுக்கு அனுப்புவேன். ஊரே பாக்கட்டும்." அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியையும் சிகரெட்டையும் எடுத்துத் தன் மேலங்கிக்குள் போட்டுக்கொண்டாள். "இங்கேயே உக்காரு. அசையாத."

மேலத்தெருவுக்கு ஏறும் பாதையில் ஈரச் சருகு கிடந்தது. அவள் ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறினாள். ராத்கோ வீட்டு முற்றத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி கிரீஸில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் நாலைந்து வருஷமாகிறது. தனியாள். படலைத் திறந்துகொண்டு கெரானா வருவதைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்றது. கோடரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"செத்துட்டானா?"

"இல்ல, அண்ணே. உயிரோடதான் இருக்காரு. வாசகசாலையில உக்காந்திருக்காரு."

"பின்ன நீ எதுக்கு இங்க வந்த?"

கெரானாவுக்கு மூச்சு வாங்கியது. கண்டதைக் கண்டபடியே சொன்னாள். வாய்க்கால், உருண்டை, பாலாடை. டாக்டர் கேட்டதும் வெலின் கேட்டதும். ராத்கோ முகம் சுளித்துக் காது கொடுத்துக் கேட்டார். பாதியில் கையை உயர்த்தினார்.

"நில்லு. செருப்பு மாட்டும்போதுன்னா சொன்னா?"

"ஆமா."

"திரும்பச் சொல்லு."

"அப்பாவுக்கு இது இருந்திருந்தா, அன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாள். செருப்பு மாட்டும்போதுகூட."

ராத்கோ விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார். பெரிய உருவம். தோளெல்லாம் மரத்தூள். கெரானா அவர் அழுவார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. காய்ச்சலில் கிடப்பவர் போல வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த விருந்துல ஆட்டுக்கறி போட்டாங்க" என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் நான் ஆட்டுக்கறி தின்னதில்ல. யாரும் ஏன்னு கேக்கல. பொண்டாட்டிகூடக் கேக்கல."

"எந்திரிங்க. டாக்டரம்மா போயிடுவாங்க."

"எனக்கும் இருக்கும்ங்கறியா?"

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

"இருந்தா இருக்கட்டும்" என்றார். ஆனால் எழுந்து, தொட்டியில் முகம் கழுவி, உள்ளே போய்ச் சுத்தமான சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

வாசகசாலையில் எல்லோரும் போயிருந்தார்கள். பெனா மட்டும் நாற்காலிகளை அடுக்குகிறேன் என்று சாக்கு வைத்துக்கொண்டு நின்றாள். வெலின் மேடையோரத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் உள்ளே வந்ததும் தரையைப் பார்த்தார். ராத்கோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே கட்டிலுக்குப் போய்ப் படுத்தார். கட்டில் முனகியது.

டாக்டர் கூழைத் தடவிக் கருவியை வைத்தாள். கெரானா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் ஒரு கறுப்பு வாய்க்கால் மேலிருந்து கீழ்வரை போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் அகலவில்லை. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அதற்குள் செந்நிறம் பாய்ந்தது. விட்டுவிட்டு, விட்டுவிட்டு.

வெலின் எழுந்து வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, திரையில் விரல் படாமல் மேலிருந்து கீழே கோடு இழுத்தார்.

"இதுதானா சரியானது?"

"இதுதான். உங்க அண்ணனுக்குப் பழுது ஒண்ணும் இல்ல."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சுவார்த்தை இல்லாத மனிதனின் உள்ளே, எலும்புக்கும் குடலுக்கும் அப்பால், செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்கு இப்படி, ஒருவருக்கு அப்படி. கெரானா அவர் முகத்தில் பொறாமையைத் தேடினாள். அதைக் காணவில்லை. சின்ன வயதில் பனி பெய்வதை ஜன்னலில் பார்க்கும் பிள்ளையின் முகம்தான் அது.

"உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் வெலின். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை.

ராத்கோ கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "எனக்கு வந்திருக்கலாம்."

"வாயக் கழுவு."

பெனா கையில் நாற்காலியோடு அப்படியே நின்றாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார் ராத்கோ.

"மேல்வயல் முழுசும்."

"குதிரையை விட்டுட்டுப் போ."

"அது இடது பக்கம் இழுக்கும். கடிவாளத்த..."

"எனக்குத் தெரியும். நீ அத வாங்குனதுல இருந்து எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

வியாழக்கிழமை புளோவ்திவில் அறுவை மருத்துவர் கெரானாவிடம் ஒரு குழாயைக் காட்டினார். தொடைவழியே உள்ளே அனுப்பி, அகன்ற இடத்தில் விரித்துவிட்டால் ரத்தம் அதற்குள்ளேயே ஓடிவிடும், உருண்டைக்கு அழுத்தம் போகாது என்றார். கெரானா அதைக் கையில் வாங்கி விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இது நெசவு ஆச்சே!"

"ஆமாம்மா, துணிதான். உலோகக் கம்பி வச்சுத் தச்சிருக்கு."

"கம்பளியா?"

அவர் சிரித்துவிட்டார். "கம்பளி இல்ல. வேற நூல்."

"பாவு நல்லா நெருக்கமா இருக்கு" என்றாள் அவள். தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவள். ஒரு முழத்துக்கும் குறைவான துணி தன் புருஷனை நிறுத்தி வைக்கப்போகிறது என்பது அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் துணிக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். இது காட்டுவதற்கான மாதிரிதான், உள்ளே போவது வேறு என்று மருத்துவர் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

வெலினை உள்ளே கொண்டுபோன பிறகு நடைவழியில் காத்திருந்தவளுக்குப் பக்கத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வேறுமாதிரி தெரிந்தார்கள். தேநீர் விற்கும் பெண், ஊன்றுகோல் கிழவர், போனில் கத்திக்கொண்டிருந்த இளைஞன், எல்லோருக்குள்ளும் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் அதை நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கிறபோதே ஓடுகிறது. அவள் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் மருத்துவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, "நல்லா உக்காந்துடுச்சும்மா" என்றார்.

அவள் ராத்கோவுக்குப் போன் போட்டாள். "முடிஞ்சுது, அண்ணே. நல்லா இருக்காரு." அந்தப் பக்கம் காற்றுதான் கேட்டது. பிறகு ராத்கோ குதிரையை அதட்டும் குரல் வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கலப்பை நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நவம்பரில் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தது. வெலின் மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் தானே நடந்தார். இடுகாட்டுக்குப் பெண்கள் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்து வந்திருந்தார்கள். கல்லறைகளில் மெழுகுவர்த்திகள் காற்றில் அணைவதும் ஏற்றப்படுவதுமாக இருந்தன. யோர்தான் பெய்கோவ் கல்லறையில் ராத்கோ ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். இத்தனை வருஷமும் தம்பி வந்துபோன பிறகு தனியாக வருகிறவர்.

பாதிரியார் புகை காட்டிவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். ராத்கோ புட்டியைத் திறந்து சிவப்பு வைனை மண்மேல் சிலுவையாக ஊற்றினார். புட்டியைத் தம்பியிடம் நீட்டினார். வெலின் அதை வாங்கினார், ஊற்றவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"அப்பா" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது உனக்குள்ளயும் இருந்திருக்கும்ப்பா. எனக்குள்ள இருந்தத மிஷின் வச்சுப் பாத்துட்டாங்க. உனக்குள்ள பாக்கத்தான் அன்னிக்கு யாருக்கும் கண்ணு இல்ல." கனைத்துக்கொண்டார். "உன் குழிக்குமேல நின்னு இவன நான் ஒரு வார்த்தை சொன்னேன். இதே ஆளுங்கதான் கேட்டாங்க. அது இல்லப்பா. இவன் ஒண்ணும் செய்யல."

ராத்கோ பைன் மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

கெரானா கிண்ணத்திலிருந்து கோதுமையை எடுத்து முதலில் புருஷனுக்குக் கொடுத்தாள். பிறகு சுற்றிப்போய் ராத்கோ முன்னால் நின்றாள். அவர் கையை நீட்டினார். மணிகள் விரலிடுக்கில் சிதறின. அவள் இன்னொரு பிடி வைத்து, அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.